பீருக்கு நூத்துக்கு நூறு

"அட, உக்காருங்கப்பா. அங்கமுத்து, வாயில கடலையப் போட்டு அதை மூடு. தொரை பீரு ஊத்தப் போறாரு."

பிரபாகர் சொன்னதும் மொட்டை மாடியே சிரிச்சுது. சந்திரசேகர் மட்டும் சிரிக்கல.

பெங்களூருல ஒரு சின்ன பீர் கம்பெனியில காய்ச்சுற வேலை அவனுக்கு. பொங்கலுக்கே வராத ஆளு, இன்னிக்கு ஐஸ் பெட்டியும் பொண்டாட்டியுமா மல்லசமுத்திரம் வந்து எறங்கீட்டான். மூஞ்சியில ஈயாடல.

"இது பில்ஸ்னர்ங்கற ரகம்டா. போன தடவை போட்டது கெட்டுப் போச்சு. இதுவும் போச்சுன்னா ஊட்டுக்குப் போயிருன்னு மொதலாளி சொல்லீட்டாரு. குடிச்சுட்டு நெசத்தைச் சொல்லுங்க. நான் சரின்னு சொன்னாத்தான் அங்க லோடு ஏத்துவாங்க."

நெறம் பொன்னாட்டம் இருந்துச்சு. நுரையும் வெள்ளையா நின்னுது.

பிரபாகர் டம்ளரை மூக்குக்கிட்டக் கொண்டு போனான். அவன் நாமக்கல்லுல முட்டை வண்டி ஓட்டறவன். லோடுக்குள்ள ஒரு கூமுட்டை இருந்தாலும் கதவைத் தொறக்கும்போதே சொல்லீருவான். டம்ளருக்குள்ள அதே நாத்தம்.

அவன் அங்கமுத்துவைப் பார்த்தான். அங்கமுத்து வானத்தைப் பார்த்தான்.

"மூக்குல என்னடா தெரியுது?" சந்திரசேகர் கேட்டான்.

பாவம், இருக்கற கவலை பத்தாதா இவனுக்கு? காய்ச்சத் தெரிஞ்சவனுக்கு நாம சொல்லித்தான் தெரியணுமாக்கும். பிரபாகர் தொப்பையைத் தள்ளிக்கிட்டு, பெரிய மொதலாளியாட்டம் கொரலை மாத்துனான்.

"மிஸ்டர் சந்துரு, கலரு பிரமாதம். நுரை பிரமாதம். நூத்துக்கு நூறு போட்டாச்சு, போங்க."

"வாசம்டா. வாசத்தைச் சொல்லு."

"மல்லிப்பூவைக் கசக்கிப் போட்டாப்பல கமகமங்குது."

"ஆமாமா"ன்னான் அங்கமுத்து.

சந்திரசேகர் உடனே போனை எடுத்தான். "ஏத்தி உட்ருங்க."

கொஞ்ச நேரத்துல திரும்பப் போன் வந்துச்சு. லோடு கெளம்பீருச்சாம். வந்ததுல இருந்து அப்பத்தான் அவன் மூஞ்சியில சிரிப்பைப் பார்த்தாங்க. "இருங்கடா, பிரியாணி வாங்கியாறேன்"னு பைக்கை எடுத்துட்டுப் போனான்.

பைக் சத்தம் தெருவைத் தாண்டுனதும் பிரபாகர் மிச்ச பீரை ரோசாச் செடித் தொட்டியில ஊத்துனான்.

"செடி செத்தா நான் பொறுப்பில்லீங்கோ. கோழிப்பண்ணைக் குப்பையே தேவலாம்டா சாமி."

அங்கமுத்துவுக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் பொரையேறிப் போச்சு.

"ஏம்மா தேவிப்ரியா, உம்பட ஊட்டுக்காரன் அங்க இதைத்தான் காய்ச்சுறானா? இந்த நாத்தம்கூடத் தெரியாம மூக்கை எங்க அடகு வெச்சான்?"

கடலைத் தட்டோட மாடிப்படியில உக்காந்திருந்த தேவிப்ரியா தட்டைக் கீழ வெச்சா.

"காய்ச்சல் வந்ததுல இருந்து அவருக்கு வாசமே தெரியறதில்லைங்ணா. உங்க மூக்கை நம்பித்தான் ஊருக்கே வந்தாரு."