கிண்ணம் நிறையத் தேநீர்

"ஜனாதிபதித் தேர்தலுக்கு இவரா? ஆட்டுக்கு ஊசி போடுறவரா?" ரொட்டிக் கடையே சிரித்தது. "நம்ம நாரின் ஊரைத் தாண்டினா இவரை நாய்கூடத் திரும்பிப் பார்க்காதே!"

சிர்கா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

கேலிகூடப் பரவாயில்லை. பயம்தான். தங்கச் சுரங்கத் தண்ணீரைக் குடித்துத்தான் ஆடுகள் செத்தன என்று கால்நடை மருத்துவம் பார்க்கும் கணவன் துர்சுனாலி அறிக்கை எழுதிய நாளிலிருந்து, வாசலில் கார் நின்றாலே அவள் ஓடிப்போய்க் கதவைத் தாழிடுவாள். இப்போது ஜனாதிபதியையே எதிர்த்து நிற்பதாம்!

சாயங்காலம் கட்சித் தலைவர் எசென்குல் வேட்புமனுவில் கையெழுத்து வாங்க வந்தார். அவர் பேச நின்றால் சந்தையே கடையை மூடிவிட்டு வந்து கேட்கும்.

"நீங்க நிக்க வேண்டியதுதானே அண்ணே? மாட்டிவிட இந்த வாயில்லாப் பூச்சிதான் கிடைச்சாரா?" என்று கேட்டாள் சிர்கா.

"அண்ணன் சொன்னா சரி. நான் பேசினா ஆடுகூட எழுந்து போயிடும், அதான் பார்க்கிறேன்" என்றான் துர்சுனாலி.

எசென்குல் சிரிக்கவில்லை. "நாளைக்கு மதியம் மனுவை ஏத்துக்குவாங்க. அதுவரைக்கும் எதுவும் கேட்காதேம்மா."

சிர்கா கிண்ணம் தளும்பத் தேநீர் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். மதிப்பான விருந்தாளிக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்றுவார்கள், திரும்பத் திரும்ப. நிறைய ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம்.

துர்சுனாலி தலையைக் குனிந்துகொண்டான்.

எசென்குல் ஒரு சொட்டுச் சிந்தாமல் குடித்தார். குழந்தையின் கன்னத்தைத் தொட்டார். போய்விட்டார்.

மறுநாள் மதியம் மனு ஏற்கப்பட்டது. அதற்கடுத்த காலை எசென்குலின் மனைவி கண் சிவக்க வந்து நின்றாள்.

"விடியறதுக்குள்ள வந்து அவரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"ஐயோ அண்ணி! அப்போ இவரையும்..."

"தொட முடியாது. மனுவை ஏத்துக்கிட்டா, தேர்தல் முடியற வரைக்கும் வேட்பாளரைக் கைது பண்ணக் கூடாது. அதுக்குள்ள உங்க வீட்டுக்காரர் அறிக்கையை டிவியிலயே படிச்சிடலாம். நாடே கேட்ட பிறகு கை வைக்க யோசிப்பாங்க."

சிர்கா தேநீர்க் கெண்டியை எடுத்தாள். அரைக் கிண்ணம் ஊற்றி அவள் முன்னால் வைத்தாள்.

"அப்போ அண்ணன் நின்னிருந்தா, அண்ணனைத் தொட்டிருக்க மாட்டாங்களே?"

"ரெண்டு பேர் மேலயும் வாரன்ட் வரப் போகுதுன்னு அவருக்கு முன்னாடியே தெரியும் சிர்கா. கட்சிக்கு ஒரு வேட்பாளர்தானே? 'நம்ம பசங்க வளர்ந்துட்டாங்க, அந்தக் குழந்தைக்கு இன்னும் பல்லே முளைக்கலை'ன்னார்."