பத்தரை வரைக்கும் தொடக்கூடாது

விஜயதசமியன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: ஆறுச்சாமி, அவர் மகன் சிவப்பிரகாஷ், மருமகள் கிருத்திகா. நான்காவது ஆளான ஆறுச்சாமியின் மனைவி ராசம்மாள் பாலை எடுத்துக்கொண்டு மீனாட்சிபுரம் சொசைட்டிக்குப் போயிருந்தாள்.

கிருத்திகாவுக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ. வெளிநாட்டுக் கம்பெனி, கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச வேண்டும். பகல் மூன்று மணி என்று சொல்லியிருந்தவர்கள், முந்தின ராத்திரி நேரத்தை மாற்றிவிட்டார்கள். வீட்டிலிருந்தே செய்யும் வேலை. இதை விட்டால் பட்டத்தைப் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டியதுதான்.

கம்ப்யூட்டர் ஓடியது. ஆனால் வைஃபை ஐகானைக் காணோம். கீழ் மூலையிலும் இல்லை. செட்டிங்ஸுக்குள் போய்த் தேடினால் அங்கேயும் இல்லை.

போனிலேயே பேசிவிடு என்றான் சிவப்பிரகாஷ். எல்லை ஊர். போன் ஒரு நிமிடம் கேரளா டவரைப் பிடிக்கும், மறு நிமிடம் தமிழ்நாட்டுக்குத் தாவும், நடுவில் பேச்சு அறுந்துவிடும். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். ஐகான் வரவில்லை. டிரைவர் சாஃப்ட்வேரை நெட்டிலிருந்து இறக்கச் சொன்னது கம்ப்யூட்டர். நெட் இருந்தால் உன்னை ஏன் கேட்கிறேன் என்று முணுமுணுத்தாள்.

ஆறுச்சாமிக்கு வேறு கோபம். டிராக்டர் சாவி நேற்றைய ஆயுத பூஜையில் மாட்டிக்கொண்டிருந்தது. நல்ல நேரம் பத்தரைக்குத்தான், அதுவரைக்கும் பூஜையில் வைத்ததை யாரும் தொடக்கூடாது என்று பூஜையறையைச் சாத்திவிட்டுப் போயிருந்தாள் ராசம்மாள். அவள் போட்ட சட்டத்தை அந்த வீட்டில் யாரும் மீறியதில்லை.

கிருத்திகா விடவில்லை. மோடம் கெட்டிருந்தால் சிக்னல்தான் போகும், ஐகான் இருக்கும். ஐகானே இல்லையென்றால் பொருளே இல்லை. மேசைக்கு அடியில் புகுந்து கம்ப்யூட்டரின் பின்பக்கம் தடவினாள். வைஃபை பிடிப்பதற்காகச் செருகியிருந்த சின்னக் குச்சியைக் காணவில்லை.

நேற்று எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அந்த அறையைத் துடைத்தது ராசம்மாள். "நீ பொட்டி முன்னால உக்காந்துட்டா மாட்டுக்கு யாரு தண்ணி காட்டறது?" என்று போன வாரம் கேட்டதும் அவள்தான். அந்தப் பேச்சுக்குப் பயந்தே நேரம் மாறியதை அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"எல்லாம் உங்கம்மா வேலைதான்டா" என்றார் ஆறுச்சாமி.

காலி கேனோடு ராசம்மாள் வந்தபோது மணி ஒன்பதே முக்கால். கிருத்திகா வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றாள்.

"அத்தை, இந்த வேலைய நான் உடறதா இல்லீங்க. குச்சியக் குடுத்துருங்க."

"மூணு மணிக்குன்னு தானே அம்மிணி சொன்னே?"

"பத்து மணிக்கு மாத்திட்டாங்க."

ராசம்மாள் கேனை அப்படியே கீழே போட்டாள். காலைக்கூடக் கழுவாமல் பூஜையறைக்குள் போனாள். திரும்பி வரும்போது உள்ளங்கையில் அந்தக் குச்சி. அதன் கறுப்பு முதுகில் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

"இந்தக் குச்சி இல்லீனா வேலையே இல்லீன்னு நீதானே அன்னிக்குச் சொன்னே. மம்முட்டி, அருவாளு எல்லாத்தையும் வெச்சுக் கும்புடறோம். உன்ற ஆயுதத்தை மட்டும் உட்டுட்டுக் கும்புட மனசு வரல. மூணு மணிக்குள்ள எடுத்து மாட்டச் சொல்லலாம்னு இருந்தேன். செருகற பக்கம் பொட்டு வெக்கல, பயப்படாத."

கிருத்திகா குச்சியை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். செருகிய சற்று நேரத்தில் ஐகான் வந்து நின்றது.

திறந்து கிடந்த பூஜையறைக்குள் ஆறுச்சாமி மெல்லக் கையை நீட்டினார்.

ராசம்மாள் கதவை இழுத்துச் சாத்தினாள். "உங்க சாவிக்குப் பத்தரை மணிதானுங்க."

பூஜையில் வைத்த ஆயுதங்கள் ஆறு. குச்சி போக மிச்சம் ஐந்து.