ரங்க விலாசத்துக்கு வந்த ஜீப்

ஜீப் தெருமுனையில் திரும்பியதுமே ரங்க விலாசத்துப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பதினாலு குடித்தனத்திலிருந்தும் வீட்டுக்கு ஒருத்தி. தலைக்குக் குளித்து, பூ வைத்து, வரிசையாக நின்ற அவர்களைப் பார்த்ததும் பரசுராமனுக்கு ஆறு மாதக் கசப்பில் பாதி இறங்கியது.

'ஆம்பளைங்க கைவிட்டாலும் இவங்களாவது வந்து நிக்கறாங்களே' என்று நினைத்துக்கொண்டார்.

ரங்க விலாசம் 1882-ல் ஒரு பட்டு வியாபாரி கட்டிய இரண்டு மாடி வீடு. இரண்டு ஆள் கட்டிப் பிடித்தாலும் அடங்காத தேக்குத் தூண்கள், மாடியில் கலர்க் கண்ணாடி ஜன்னல்கள். தொண்ணூறு வருஷம் கழித்து, மெட்ராஸில் இருக்கும் பேரன் சக்ரவர்த்திக்கு அதை ஆறு சொகுசுப் பிளாட்டுகளாக மாற்றிப் பணக்காரர்களுக்கு விற்கும் ஆசை வந்துவிட்டது. குடியிருப்பவர்களுக்கு ஊருக்கு வெளியே ஓரிக்கையில் வரிசையாக ஓட்டு வீடு கட்டித் தருகிறாராம்.

பரசுராமன் பிறந்ததே ரங்க விலாசத்தில்தான். பட்டுக் கூட்டுறவு சங்கத்தில் குமாஸ்தா. மனு எழுதுவது கை வந்த கலை. வீட்டை மாற்றக் கூடாது என்று ஆறு மாதத்தில் கலெக்டர் ஆபீசுக்கு ஒன்பது மனு எழுதினார். பலன்தான் இல்லை.

மாடிக் குடித்தனம் கைலாசம், "நீங்க எழுதுங்க சார், நான் கையெழுத்துப் போடறேன்" என்பார். ஆபீசுக்குக் கூப்பிட்டால் மட்டும் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். மற்றவர்களுக்கும் தறி வேலை, கல்யாண வேலை என்று ஏதாவது ஒன்று முளைக்கும். பரசுராமன் மட்டும் அரை நாள் லீவு போட்டு, வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போவார்.

"ஐயா கேம்ப் போயிருக்காரு. வியாழக்கிழமை வாங்க" என்பான் ஆபீஸ் பியூன்.

வியாழக்கிழமை போனால், "பைலு மேல போயிருக்குது. இறங்கி வரட்டும்."

ஒரு நாள் அப்படித் திரும்பி வந்து செருப்பை மூலையில் வீசி எறிந்தார். "நாய் மாதிரி அலைஞ்சுக்கினு இருக்கேன். ஒரு பய கூட வரல!"

மனைவி பெரியநாயகி இலையைப் போட்டாள். சோற்றை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "ஓரிக்கைக்கு டவுன் பஸ்ஸு வுடறாங்களாமே?"

"பஸ்ஸு வுட்டா? பொறந்த வீட்ட வுட்டுட்டு ஓடிடறதா?"

"அதுக்குச் சொல்லல. உங்க மனுவுல பொம்பளைங்க பேரு ஒண்ணு கூட இல்லியே, அதான்..."

"பொம்பளைங்க கையெழுத்த எவன் மதிக்கறான்? நீ ரசத்த ஊத்து."

அவள் ரசத்தை ஊற்றினாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இதோ, இன்றைக்கு கலெக்டர் ஆபீஸ் அதிகாரி தாவீது வந்து இறங்கியே விட்டார். பரசுராமன் ஓடிப் போய்க் கும்பிட்டார். "வாங்க சார், முதல்ல இந்தத் தூணைப் பாருங்க. பர்மாத் தேக்கு. இன்னிக்கு நெனச்சாலும் இப்பிடி ஒண்ணு கிடைக்குமா?"

அதிகாரி தூணைத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். "நல்ல வேலைப்பாடு. கொல்லைப்புறம் எந்தப் பக்கம்?"

பரசுராமனுக்குச் சுருக்கென்றது. இவ்வளவு வீட்டை வைத்துக்கொண்டு கொல்லையையா போய்ப் பார்ப்பார்கள்? ஆனால் தாவீது நேரே அங்கேதான் நடந்தார். பெண்களும் பின்னாலேயே போனார்கள். ஒற்றைக் குழாயையும், அதைச் சுற்றி வரிசை பிடித்திருந்த குடங்களையும் பார்த்தார். இரண்டே இரண்டு கக்கூசு. ஒன்றுக்குக் கதவு கயிற்றில் தொங்கியது.

"மொத்தம் எத்தனை பேரு இருக்கீங்க?"

"எழுபத்தோரு பேரு. அத வுடுங்க சார், மாடிக்கு வாங்க. கண்ணாடி ஜன்னல்ல வெயில் அடிக்கும்போது பார்க்கணும் நீங்க..."

"பரசுராமன், உங்க ஒன்பது மனுவும் பைல்லதான் இருக்குது. நான் அதுக்காக வரல." தாவீது பையிலிருந்து ஒரு நோட்டுத் தாளை எடுத்தார். "இது போன வாரம் வந்துது. படிச்சதும் கலெக்டர் என்னை அனுப்பிட்டாரு."

எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

"'ஐயா, எங்கள் வீட்டில் எழுபத்தோரு பேருக்கு இரண்டு கக்கூசு. வயசுப் பெண்கள் விடிவதற்குள் எழுந்து வரிசையில் நிற்கிறார்கள். பகலில் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமலே இருக்கிறார்கள். ஓரிக்கையில் வீட்டுக்கு ஒரு குழாய், ஒரு கக்கூசு என்று முதலாளியிடம் எழுதி வாங்கிக்கொண்டு, இந்த வீட்டை அவர் இஷ்டப்படி மாற்றிக் கட்ட உடனே உத்தரவு கொடுக்க வேண்டும்.' கீழ பதினாலு கையெழுத்து. எல்லாம் பொம்பளைங்க பேரு."

பரசுராமனுக்கு ரத்தம் தலைக்கேறியது. "சார், இது சக்ரவர்த்தி வேலை! அவன்தான் எவளையோ புடிச்சு எழுத வெச்சிருக்கான். இவ்ளோ தெகிரியமா மனு எழுதற பொம்பளை இந்த வீட்ல யாரு சார் இருக்கா?"

தாவீது பெண்கள் பக்கம் திரும்பினார். "யாரும்மா இத எழுதினது? பயப்படாம சொல்லுங்க."

எல்லோருடைய பார்வையும் பரசுராமனைத் தாண்டி அவருக்குப் பின்னால் போனது.

அதிகாரிக்கென்று கொண்டு வந்த மோரைக் குழாய் மேடையில் வைத்துவிட்டு, பெரியநாயகி முன்னால் வந்தாள்.

"நான்தாங்க எழுதினேன்."