பேருந்தில் நாலரை, ஓட்டலில் நாலு

ஓட்டல் வாசலில் வைத்து அவன் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான்.

தூக்கி இரண்டு வருடம் இருக்கும். அவள் கால்கள் அவன் முழங்காலைத் தாண்டித் தொங்கின.

"காலை மடக்கிக்கோ," என்றான்.

மடக்கிக்கொண்டாள்.

அவளுக்கு ஏழு வயது முடிந்துவிட்டது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குச் சாப்பாடு இலவசம் என்று வாசல் பலகையில் பெரிதாக எழுதி, பக்கத்தில் சிரிக்கிற யானை ஒன்றும் போட்டிருந்தார்கள். அன்று காணும் பொங்கல். முக்கொம்புக்கு வந்த திருச்சி ஜனத்தில் பாதி அந்த யானையைப் பார்த்துத்தான் உள்ளே நுழைந்தது.

மூன்று சாப்பாடு என்றால் ஊர் திரும்ப நடராஜா சர்வீஸ்தான். அதை அவன் பூங்காவில் ராட்டினம் சுற்றும்போதே யோசித்துவிட்டான்.

காலையில் பேருந்தில் அவளுக்கு நாலரை வயது. இப்போது, எதற்கும் இருக்கட்டும் என்று, நாலு என்றான்.

"இப்படியே போனா வீட்டுக்குப் போறதுக்குள்ள தொட்டில் கட்டணும்," என்றாள் மனைவி.

அவள் சிரிக்கவில்லை.

உள்ளே, கூடம் நிறைய நாலு வயதுக் குழந்தைகள். முப்பது பேராவது இருப்பார்கள். ஒருவனுக்கு மீசை அரும்பியிருந்தது.

கல்லாவில் இருந்தவர் மறுபேச்சுப் பேசவில்லை. நம்பிவிட்டார்.

அதுதான் வினையாகப் போயிற்று. நம்பினவர், குழந்தை நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

உயரமான நாற்காலி. முன்னால் குறுக்குப் பலகை. அதில் அவளை இறக்குவதற்கு அவனும், மனைவியும், பரிமாறுகிற அம்மாளும் சேர்ந்து பாடுபட்டார்கள். தேரை நிலைக்குக் கொண்டுவருகிறவர்கள்கூட அவ்வளவு வியர்த்திருக்க மாட்டார்கள். முழங்கால் பலகையில் இடித்தது.

அவள் முகம் சுளிக்கவில்லை.

"புள்ள நல்ல வளத்தி," என்றாள் அம்மாள்.

"எங்க வம்சமே அப்படி," என்றான்.

அவன் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்.

அம்மாள் பிள்ளையின் கழுத்தில் கரடிப் படம் போட்ட துணியைக் கட்டினாள். "பள்ளிக்கூடம் போறியா கண்ணு?"

"இன்னும் தேத்துவிதல," என்றாள் பிள்ளை.

மழலைக்கு அவன் ஏற்பாடு செய்யவில்லை. யாராவது கேட்டால் நாலு என்று சொல் என்றதோடு சரி. மிச்சமெல்லாம் அவளே போட்டுக்கொண்டது. ஆறாம் வாய்ப்பாடு, ஆங்கில மாதங்கள், புதிதாக முளைத்த முன்பல் இரண்டு என்று எல்லாவற்றையும் வாசலுக்கும் மேசைக்கும் நடுவே எங்கேயோ ஒளித்துவிட்டாள்.

அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர்கள் இருவருக்கும் இலை. அவளுக்குப் பொம்மைத் தட்டு. அம்மாள் பருப்பு சாதத்தில் நெய் விட்டு மசித்து, ஒரு கரண்டி எடுத்து நீட்டினாள்.

"ஆ காட்டு."

காட்டினாள்.

"செவ்வந்தி!"

ஃபர்ஹானா. வகுப்பில் இவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். கைகழுவும் இடத்திலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"நீ ஏன்டி பாப்பா சேர்ல உக்காந்திருக்க?"

கரண்டி பாதி வழியில் நின்றது.

செவ்வந்தி அப்பாவைப் பார்த்தாள்.

அவன் அப்பளத்தைப் பார்த்தான். அதில் எத்தனை கொப்புளம் என்று எண்ணத் தொடங்கினான். பன்னிரண்டு வந்தது. இன்னொரு தடவை எண்ணினான். அப்போதும் பன்னிரண்டுதான்.

அதுவரை அவள் காத்திருந்தாள்.

பிறகு ஃபர்ஹானாவிடம் திரும்பினாள்.

"நீ யாது? எனக்கு உன்னைத் தெதியாது."

மழலை ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

ஃபர்ஹானா ஈரக் கையைக் கவுனில் துடைத்தாள். உள்ளங்கையை, அப்புறம் புறங்கையை. பிறகு அவளுடைய அத்தாவும் அம்மாவும் இருந்த மேசைக்குப் போய், இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"மூணு சாப்பாடு," என்று அவள் அத்தா சொல்வது கேட்டது.

"வேற யாரோன்னு நெனச்சு வந்துருச்சு போல, பாவம்," என்று அம்மாள் அடுத்த வாயை நீட்டினாள்.

செவ்வந்தி அதை வாங்கவில்லை. பலகைக்கு மேலாக எக்கி, அவன் காதருகே வந்தாள்.

"கரெக்டா சொன்னேனாப்பா?"

இதில் மழலை இல்லை.

மனைவி தலையைத் தூக்கவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அதில் இன்னும் குழம்பு ஊற்றியிருக்கவில்லை.

அவன் எழுந்தான்.

எச்சில் கையோடு எழுந்தான். அந்த மேசை ஏழெட்டு அடி தூரம்தான் இருக்கும். காவிரியை இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்தியிருக்கலாம், அவ்வளவு நேரம் பிடித்தது.

சின்ன முதுகு அது. அதற்குப் பின்னால் போய் நின்றான்.

"பாப்பா," என்றான். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தான். கூடத்துக்கே கேட்டது.

"அது செவ்வந்திதாம்மா. ரெண்டாங்கிளாஸ், பி செக்‌ஷன். உன் பெஞ்சு."

ஃபர்ஹானா திரும்புவதற்கு முன்பே கல்லாவில் இருந்தவர் திரும்பிவிட்டார்.