ஸ்டார்ட் ஆகாத ஜீப்

“கிழட்டு ஜீப்பைப் புது டயர், புது ஸ்பிரிங்னு மாப்பிள்ளை மாதிரி ஜோடிச்சாச்சு. இன்னும் என்னப்பா அதுக்கு?” வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்த மகள் அலுத்துக்கொண்டாள்.

“ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதும்மா” என்றார், வீட்டில் தனியாக இருக்கும் அப்பா.

“ஞாயித்துக்கிழமை ஆனா இதே பாட்டு.”

ஸ்பானரோடு ஜீப்புக்கு அடியில் படுத்தாள்.

டயர்களைப் பளிச்சென்று கழுவியிருந்தார். ஆனால் உள்ளே ஸ்பிரிங்கில், மேட்டுப்பாதைச் சேறு இன்னும் ஈரமாக அப்பியிருந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரின் வயர் தானாகக் கழன்றிருக்கவில்லை. நட்டைத் திருகிப் பக்குவமாகக் கழற்றி ஓரமாக மடித்துவைக்கப்பட்டிருந்தது.

“என்ன கோளாறுன்னு தெரிஞ்சுதாம்மா?”

அவள் வயரைத் தொடவில்லை. ஸ்பானரோடு அப்படியே வெளியே வந்தாள்.

“பெரிய வேலைப்பா. அடுத்த வாரமும் வரணும்.”