சாராகவே இருந்தவன்

மதியக் கூட்டத்தில் அந்தச் சின்னச் சாப்பாட்டுக் கடை அல்லோலகல்லோலப்படுகிறது. அடுப்படியில் கணவர் வாணலியோடு மல்லுக்கட்ட, மகள் ஒரே கையில் மூன்று தட்டுகளோடு பறக்க, நடுவில் நின்று கடைக்காரம்மா குரல் கொடுக்கிறாள்: “மாமாவுக்கு உப்பு கம்மி! பெரியக்காவுக்குக் காரம் தூக்கலா!” வாடிக்கையாய் வருகிறவர்களுக்குத்தான் இந்த உறவுமுறை, புதிதாய் வருகிறவர்கள் எல்லாம் வெறும் ‘சார்’. மூன்று வாரமாய் சாராகவே சாப்பிட்டுப் போகும் லாரி ஓட்டுநர், ஜன்னல் வெயிலில் பளபளக்கும் காலித் தம்ளரை உருட்டிக்கொண்டிருக்கிறான். கடைக்காரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்புகிறாள்: “நம்ம தம்பி கொலைப்பசியில வந்திருக்கான், குழம்பைத் தாராளமா ஊத்துங்க!” ஓட்டுநருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உப்பைப் பற்றி இன்றுவரை கவலையே படாதவன், கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிறான்: “அக்கா, எனக்கும் உப்பு கம்மி!”