ஒண்ணுல வெச்சாச்சு

"உன் பஞ்சுமெத்தை வந்தாச்சு" என்றார் பக்கத்து டயர் கடைக்காரர்.

மெக்கானிக்குக்குத் திரும்பிப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரே மாதத்தில் அந்த ஆள் வருவது இது மூன்றாவது தடவை.

கட்டடக் கம்பி ஏற்றுகிற கனத்த பிக்கப் வண்டி. முன்னால் இரண்டு வரிசை சீட், பின்னால் லோடு தொட்டி. அதன் சொந்தக்காரர் முதல் தடவை வந்தபோது, "குலுங்காத ஷாக் அப்சர்பர் எது இருக்கோ அதைப் போடுங்க தம்பி" என்றார்.

"லோடு எவ்வளவு ஏத்துவீங்க?"

"லோடு இல்ல. இனிமே காலியாத்தான் ஓடும்."

மெக்கானிக் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். லோடு வண்டிக்காரர் எல்லோரும் சொல்கிற பொய்தான். காலி என்பார்கள். சாஃப்ட் ஷாக்கை மாட்டிக்கொண்டு மலையையே ஏற்றுவார்கள். ஆயில் ஒழுகியதும் கடையில் வந்து கத்துவார்கள். இதில் அவன் சூடுபட்டவன்.

ஆகவே திருகி மாற்றுகிற வகையில் நாலு ஷாக் மாட்டினான். ஒன்றாம் நம்பர் சாஃப்ட், பத்தாம் நம்பர் ஹார்டு. கேட்காமலே பத்தில் வைத்து அனுப்பிவிட்டான்.

நாலே நாளில் திரும்பி வந்தார். "இன்னும் தூக்கிப் போடுது தம்பி."

"காலியா ஓட்டினா தூக்கித்தான் போடும். நாலு மணல் மூட்டை ஏத்திக்குங்க" என்றான், ஆள் இடத்தைக் காலி பண்ணினால் போதும் என்று.

இன்றைக்குப் பார்த்தால், தொட்டியில் நிஜமாகவே நாலு மணல் மூட்டை. நகராதபடி கயிறு போட்டுக் கட்டி வேறு வைத்திருந்தார்.

"திருகினா சாஃப்ட் ஆகுமாமே? ஒண்ணுல வெச்சுக் குடுங்க தம்பி. நாளைக்குக் காலைல போகணும்."

"அண்ணே, இது சொகுசுக் கார் இல்ல. லோடு வண்டின்னா அப்படித்தான் இருக்கும். உங்களுக்கு என்ன, முதுகு வலிக்குதா?"

"எனக்கென்ன, நான் எதையும் ஓட்டுவேன். வீட்லதான் முடியலங்கிறாங்க."

அந்தம்மா என்ன பெரிய மகாராணியா என்று மெக்கானிக்குக்கு எரிச்சல் தலைக்கேறியது. வாயைத் திறக்காமல் வண்டியடியில் போய்ப் படுத்தான்.

திருகைச் சுற்றிச் சேறு காய்ந்து அப்பியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, நாலு சக்கரத்துக்கும் திருகி வைத்த பிறகு, நாளைக்கே இந்த மனுஷன் கம்பி ஏற்றி ஷாக் வெடித்தால் பழி யார் தலையில் விழும்?

நச்சரிக்கிற ஆளுக்கென்று தொழிலில் ஒரு வழி உண்டு. ஸ்பேனரை எடுத்து, வெறும் இரும்பில் டக், டக்கென்று தட்டினான். ஒவ்வொரு சக்கரத்தடியிலும் இரண்டு நிமிஷம். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"ஒண்ணுல வெச்சாச்சுண்ணே. இனிமே மிதக்கும்."

அவர் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். ஒரு ஷாக்குக்கு இவ்வளவா என்று இருந்தது அவனுக்கு. தெருமுனையிலேயே வண்டி ஒரு குழியில் இறங்கித் தடாலென்றது. அவரோ ஜன்னல் வழியாகச் சந்தோஷமாகக் கை ஆட்டிவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து வண்டி வந்தபோது மணல் மூட்டையைக் காணோம். தொட்டி நிறையக் கம்பி.

"பாத்தீங்களா, காலியா ஓட்டுற லட்சணத்தை?" என்றான் டயர் கடைக்காரரிடம். நல்லவேளை, அன்றைக்குத் திருகவில்லை.

அவர் இறங்கி வந்தார். முகத்தில் ஒரு வாரத் தாடி.

"பழையபடி ஹார்டா வெச்சுடுங்க தம்பி. இனிமே லோடுதான்."

"வீட்ல ஒத்துக்கிட்டாங்களாக்கும்?"

"வீட்ல தவறிட்டாங்க தம்பி. இன்னியோட எட்டு நாள்."

மெக்கானிக் கை துடைப்பதை நிறுத்தினான்.

"எலும்புல கேன்சர். ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேர ரோடு. பின் சீட்ல படுக்க வெச்சுக் கூட்டிட்டுப் போவேன். ஒவ்வொரு குழிக்கும் அலறுவா. அதைக் கேட்டுக்கிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது. அதான் குலுங்காத ஷாக் கேட்டேன், லோடு ஓட்டுறதையும் விட்டிருந்தேன்."

அவர் அவன் தோளில் கை வைத்தார்.

"நீங்க மாத்திக் குடுத்த மறுநாள்தான் கடைசியாப் போனது. மெக்கானிக் தம்பி ஒண்ணுல வெச்சிருக்காரு, இனிமே வலிக்காதுன்னு சொல்லித்தான் ஏத்தினேன். போக, வர, ஒரு சத்தம் இல்ல. எப்படி இருக்குன்னு கேட்டேன். பச்சப்புள்ள தொட்டில்ல கிடக்கிற மாதிரி இருக்குங்க, அந்தத் தம்பி நல்லா இருக்கணும்னு சொன்னா. இறக்கும்போது பாத்தா கீழ் உதட்டுல ரத்தம். தூக்கத்துல கடிச்சுட்டேன்னு சொன்னா. பாவம், அன்னிக்கு ஒரு நாளாவது நல்லாத் தூங்கியிருக்கா."

மெக்கானிக் தரையில் படுத்தான். வண்டியடியில் நுழைந்தான்.

திருகைச் சுற்றி அதே சேறு, அதே பத்து.

அந்தம்மா தூங்கவில்லை. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், புருஷனுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

கால் மணி நேர வேலை. யாருக்காக என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எழுந்து போய் உண்மையைச் சொல்லி அவர் காலில் விழலாம் என்று நினைத்தான். சொன்னால் அவருக்கு மிஞ்சியிருக்கிற அந்த ஒரு நாள் தூக்கமும் போய்விடும்.

சக்கரத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய செருப்பு தெரிந்தது.

"என்ன தம்பி, சத்தத்தையே காணோம்?"

மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்து, வெறும் இரும்பில் டக், டக்கென்று தட்டினான்.